கேம்பர் கூரை வேலை: யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்

கோத்தகிரியிலிருந்து கொடநாடு போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி, அம்மா வழியில் வந்த ஒரு துண்டு நிலம் எனக்கு இருக்கிறது. மலைப்பகுதியில் வீடு கட்ட அனுமதி வாங்குவது சமவெளி மாதிரி இல்லை, இழுத்துக்கொண்டே போகும். அதுவரை தங்க ஓர் இடம் வேண்டுமே என்று கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து பழைய கேம்பர் டிரெய்லர் (உள்ளே தங்கிக்கொள்ளும்படி செய்த இழுவை வண்டி) ஒன்றை வாங்கி, ஜீப்பில் மாட்டி இழுத்துவந்து தேயிலைக்கு மேலே இருக்கிற சமதளத்தில் நிறுத்தினேன். சின்ன வண்டி. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், அலுமினியச் சட்டம், அதன்மேல் பிளைவுட், அதன்மேல் ஃபைபர் ஷீட். கூரையில் காற்றுப் போக ஒரு சதுர வென்ட், பழைய ஆன்டெனா கழற்றிய ஓட்டை, நான்கு விளிம்பிலும் அலுமினியப் பட்டி. கோடையில் வாங்கியதால் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

ஐப்பசி பிறந்ததும் நிலைமை மாறிவிட்டது. நீலகிரி என்றாலே ஜூன், ஜூலை மழைதான் பெரிது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அது கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கத்துக் கதை. கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமானது. 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர், கேத்திப் பக்கமெல்லாம் மண் சரிந்தது இந்த மழையில்தான். வண்டி வாங்கிய வருஷத்து ஐப்பசியில், ஒரு மழை ராத்திரி படுத்திருக்கும்போது தலைமாட்டில் ஈரம். தொட்டுப் பார்த்தால் தலையணை ஒரு பக்கம் முழுக்க நனைந்திருக்கிறது. மேலே சீலிங்கில் டீ சிந்திய மாதிரி பழுப்பாக ஒரு வட்டம். கட்டை விரலால் அழுத்தினேன், உள்ளே அமுங்கியது. பிளைவுட் ஊறிப்போயிருந்தது.

உடனே சமவெளியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். கேரவன் வேலை செய்வோம் என்று சொன்னவர்கள். இறக்கவும் ஏற்றவும் வண்டி வாடகை 11,000 ரூபாய், கூரையை சீல் செய்ததற்கு 14,500. குஞ்சப்பனை வழியாக மலையேறுகிற அந்த வளைவுகளில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வருவது சும்மா இல்லை, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வந்து நிறுத்தி, அடுத்த மழையில் ஒழுகல் இன்னும் அதிகமாக இருந்தது. ஃபோன் செய்து கேட்டால், "மேடம், அது ஒழுகல் இல்ல, குளிருக்கு உள்ள வேர்க்குது, மலையில அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. பணம் போனது ஒரு பக்கம். நான் பார்த்ததையே நான் நம்பக் கூடாது என்று ஒருவர் சொல்லும்போது வருகிற ஆற்றாமை இன்னொரு பக்கம்.

இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டுமே உண்மையில் நடக்கும். மலையில் கேம்பருக்குள் வேர்க்கத்தான் செய்யும். இரண்டு பேர் மூச்சுவிட்டு, உள்ளேயே சமைத்து, ஜன்னலை மூடித் தூங்கினால் காலையில் ஜன்னல் கண்ணாடி, அலுமினிய ஓரம், ஸ்க்ரூ தலை என்று குளிர்ந்த இடங்களிலெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். அது மழையே இல்லாத, வானம் தெளிந்த குளிர் ராத்திரியில்தான் அதிகம் வரும், எல்லாப் பக்கமும் வரும், நிறம் இருக்காது. ஜன்னலை விரல் அளவு திறந்து வைத்தால் குறையும். ஒழுகல் அப்படி இல்லை. மழையோடு வரும், மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் வரும், ஒரே இடத்தில் வரும், மரத்தை ஊறவைத்து வருவதால் பழுப்புக் கறை விடும். ஒரு நோட்டில் தேதி, மழை உண்டா இல்லையா, எங்கே ஈரம் என்று எழுதி வைத்தாலே விஷயம் பிடிபட்டுவிடும். யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

அப்புறம் ஒன்று. தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று தேடினால் கிடைக்காது. கூரைச் சட்டத்தோடு ஓடி வந்து, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் இறங்கும். என் தலைமாட்டில் சொட்டிய தண்ணீர் நடுவில் இருந்த வென்ட்டின் ஓரத்தில் நுழைந்து வந்தது. கண்டுபிடிக்க நல்ல வழி, ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க, இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பில் அழுத்தம் இல்லாமல் தண்ணீர் விடுவது. கீழிருந்து மேலாக வர வேண்டும். முதலில் பக்கச்சுவர் இணைப்பு, அப்புறம் விளிம்புப் பட்டி, கடைசியில் வென்ட். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்து எதுவும் புரியாது. தனியாள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது: உள்ளே காற்றைத் தள்ளுகிற மாதிரி ஜன்னலில் ஃபேனைப் பொருத்தி, மற்ற திறப்புகளை டேப் ஒட்டி அடைத்துவிட்டு, வெளியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் நுரை குமிழி விடும்.

ஜனவரியில் வேலையை நானே ஆரம்பித்தேன். இங்கே ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் மழை குறைவு, அதை விட்டால் இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். கூரைக்குப் போக அலுமினிய ஏணி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். இணையத்தில் தேடியபோது வந்ததெல்லாம் வெளிநாட்டு வீடியோக்கள், அதில் எல்லோரும் தார் போட்ட தரையில் வண்டியை நிறுத்தி, கூரைமேல் சாதாரணமாக நடக்கிறார்கள். நம் ஊர் மண், நம் ஊர் மூடுபனி, தேயிலைக்குள்ளிருந்து என்ன வரும், அதெல்லாம் எதிலும் இல்லை.

அன்றைக்கு மதியம் கூரைமேல் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் முட்டி போட்டு, பட்டறைக்காரர்கள் பூசிய சிலிகானைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு மேல் கீழே பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. இறங்கிவிடலாம் என்று திரும்பினால், தேயிலைக்குள்ளிருந்து காட்டு மாடுகள் ஏறி வந்துகொண்டிருந்தன. கோத்தகிரிக்காரர்களுக்கு இது புதிதில்லை, காட்டெருமை ரோட்டிலேயே நிற்கும். ஆனால் நான் மேலே இருக்கிறேன், அவை கீழே டிரெய்லரைச் சுற்றிப் புல் மேய்கின்றன. அதில் பெரியது ஒன்று உரசிக்கொண்டு போனதில் ஏணி சரிந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அது மிரண்டு ஒரு துள்ளு துள்ளியதில் வண்டியே ஆடியது. ஃபோன் உள்ளே சார்ஜில் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. வெளிச்சம் போகும் வரை பலகையின்மேல் குப்புறப் படுத்திருந்தேன். உட்கார்ந்தால் காற்று அடிக்கிறது, நிற்கலாம் என்றால் ஃபைபர் முழுக்க பனி படர்ந்து வழுக்குகிறது. குதித்தால் எட்டு அடிதான், ஆனால் மாடு நிற்கிற இடத்தில் குதித்துக் காலை உடைத்துக்கொண்டால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். கத்தவும் பயம், மிரண்டு திரும்பி வண்டியை முட்டிவிட்டால் என்ன செய்வது. விரல் மரத்துப்போய் சுரண்டி கையிலிருந்து விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. நான் இங்கே மேலே இருக்கிறேன் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்புதான் குளிரைவிட மோசமாக இருந்தது. விளக்கு எரியவில்லையே என்று பார்த்துத்தான் கீழ்வீட்டு அக்கா டார்ச்சோடு வந்திருக்கிறார். தூரத்திலேயே நின்று, "ஏங் கண்ணு, மேலயா இருக்க? ஆடாம அசையாம இரு, அதுக போகட்டும்" என்றார். அவர் விரட்டவில்லை, கல் எறியவில்லை, டார்ச்சை மாட்டின் கண்ணில் அடிக்கவும் இல்லை. ஒதுங்கி நின்று காத்திருந்தார், அவை மெதுவாக மேலே சோலைப் பக்கம் நகர்ந்த பிறகு வந்து ஏணியைத் தூக்கி வைத்துப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வேலை செய்கிற முறையையே முழுதாக மாற்றினேன். இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதுதான்: சின்ன கேம்பரின் கூரை வேலையில் முக்கால்வாசியைக் கூரைமேல் ஏறாமலே செய்யலாம். கொத்தனார்கள் பூச்சு வேலைக்குப் போடுகிற இரும்பு ஸ்டூல் இரண்டு, அவற்றுக்கு மேலே கனமான பலகை. வண்டியின் அகலம் ஆறேழு அடிதான், ஒரு பக்கம் நின்று பாதி, மறுபக்கம் நின்று பாதி. இடுப்பு உயரத்தில் கூரை இருக்கும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். பல சின்ன வண்டிகளின் கூரை ஆள் நிற்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. ஷீட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் ஒட்டு விட்டுப்போயிருந்தால் நீங்கள் வைக்கிற ஒவ்வொரு காலும் புதிய ஒழுகலுக்கு வழி. ஏறியே ஆக வேண்டுமென்றால் நிற்காதீர்கள், சட்டங்களின்மேல் குறுக்காக விழுகிற மாதிரி பலகை போட்டு, அடியில் பழைய யோகா பாயையோ ஃபோமையோ விரித்து, முட்டி போட்டு நகருங்கள்.

வண்டி நிற்கிற நிலையும் அவ்வளவு முக்கியம். ஒற்றை அச்சு வண்டி ஜீப்பிலிருந்து கழற்றி நிற்கும்போது, பின்பக்கம் நீங்கள் பாரம் கொடுத்தால் முன்பக்கம் மேலே தூக்கிவிடும். நான்கு மூலை ஜாக்கியையும் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓர் அடி சதுரப் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் தேயிலைத் தோட்டத்து மண்ணில் ஜாக்கி உள்ளே போய்விடும். சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை. ஜீப்பில் மாட்டியே வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஏணி என்றால் நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே தள்ளி, அடியில் பலகை, இரண்டு பக்கமும் முளை அடித்துக் கயிற்றால் கட்டுங்கள். பக்கச்சுவரின் நடுவில் சாய்க்காதீர்கள், ஷீட் நெளியும். மூலைச் சட்டத்தில் சாய்த்து, அந்த இடத்தில் துணி சுற்றுங்கள். ஃபோன் சட்டைப் பையில், ஒரு விசில் கழுத்தில். மறுபக்கம் இறங்க முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை ஹிட்ச்சில் (ஜீப்போடு மாட்டுகிற முனையில்) கட்டிக் கூரைக்கு மேலே போட்டு வைத்திருங்கள். ஏறும்போது ஒருவருக்கு, இறங்கியதும் அவருக்கே, ஒரு மெசேஜ். நான் கீழ்வீட்டு அக்காவுக்கு அனுப்புகிறேன். தலையில் பைக் ஹெல்மெட் போட்டாலும் பரவாயில்லை, எதையாவது போடுங்கள்.

நேரம் பற்றி. இங்கே காலையில் கூரை பனியில் நனைந்திருக்கும், மதியம் மூடுபனி வந்துவிடும். பத்திலிருந்து இரண்டு வரை உங்கள் நேரம், அவ்வளவுதான். சீலன்ட் (இணைப்புகளை அடைக்கிற பசை) காய்வதற்குக் காற்றில் ஈரம் வேண்டும் என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து ஈரக் கூரையில் பூசலாம் என்று நினைக்காதீர்கள். காற்றில் ஈரம் இருக்கலாம், பூசுகிற பரப்பு எலும்பு காய்ந்த மாதிரி காய்ந்திருக்க வேண்டும். குளிரில் சீலன்ட் இறுகும், காய்வதும் தாமதமாகும். டியூபை முந்தின ராத்திரியே உள்ளே கதகதப்பான இடத்தில் வைத்தால், அதைப் பிழிகிற சீலன்ட் துப்பாக்கியில் சுலபமாக வரும். வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள், மலையில் சில கடைகளில் இந்த மாதிரிச் சரக்கு மெதுவாகத்தான் நகரும்.

இப்போது சிலிகான். பாத்ரூமில் பூசுகிற, புளிப்பு வாடை அடிக்கிற சிலிகானை உங்கள் கூரைக்குக் கிட்டவே விடாதீர்கள். அந்த வாடை அசெட்டிக் அமிலம், அலுமினியத்தை அரிக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை, சிலிகான் பட்ட இடத்தில் அப்புறம் வேறு எதுவும் ஒட்டாது, இன்னொரு சிலிகானும் சரியாக ஒட்டாது. பட்டறைக்காரர்கள் பழையதை எடுக்காமல் அதன்மேலேயே பூசியிருந்தார்கள். வென்ட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் சுரண்டியை நுழைத்து இழுத்தபோது அது பெல்ட் மாதிரி நீளமாக, முழுசாக வந்தது. அடியில் பச்சையாகப் பாசி, நடுவில் துருப்பிடித்த ஸ்க்ரூ, அந்த ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து வெளியே வந்தது. ஒழுகுகிற தண்ணீரை வெளியே விடாமல் உள்ளேயே பூட்டி வைத்திருந்தார்கள்.

அந்த ஈரத்தைக் காயவைப்பதுதான் இருப்பதிலேயே நீளமான வேலை. உள்பக்கம் சீலிங் பேனலைக் கழற்றி, ஊறிய பிளைவுட்டை வெட்டி எடுத்து, வெயில் இருக்கும்போது வென்ட்டைத் திறந்து, ராத்திரி தார்ப்பாய் போட்டு, ஃபேனை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தாதீர்கள், உள்ளே புழுங்கும், காற்றில் அடித்து ஃபைபரைத் தேய்க்கவும் செய்யும். அடியில் கட்டை வைத்துத் தூக்கிக் கட்டுங்கள். மரம் காயாமல் மேலே சீல் செய்தால் மறுபடி அழுகல்தான். எனக்கு இங்கேதான் பொறுமை போனது, ஆனால் இதில் குறுக்குவழி கிடையாது.

சுரண்டுவதற்கு இரும்புத் தகடு வேண்டாம், ஷீட்டில் கீறல் விழும். மிச்சத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், துணி அழுக்காகாமல் வரும் வரை. தீப்பிடிக்கிற சரக்கு, உள்ளே அடுப்பு எரியக் கூடாது. ரப்பர் கூரையாக இருந்தால் பெட்ரோல், தின்னர் எதுவும் படக் கூடாது, ரப்பர் உப்பிவிடும். ஃபைபரைத் தேய்க்க வேண்டி வந்தால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் போட்டு. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், தோலில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும்.

வென்ட் திரும்ப உட்காரும்போது அடியில் ப்யூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டுகிற ரப்பர் பட்டி), மேலே ஸ்க்ரூ, அதற்கும் மேலே சீலன்ட். டேப்தான் உண்மையான காவல், சீலன்ட் அதை வெயிலிலிருந்து காப்பாற்றுவதற்கு. மலையில் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் அதிகம், குளிராக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஒரேயடியாக முறுக்காமல் எதிரெதிர் மூலையாக முறுக்கி, டேப் பிதுங்கி வந்ததும் நிறுத்தி, மறுநாள் இன்னும் ஒரு சுற்று. படுக்கையான கூரைக்குத் தானே பரவுகிற சீலன்ட், செங்குத்தான விளிம்புக்கு வழியாத பாலியுரேத்தேன் அல்லது எம்.எஸ். பாலிமர். எம்-சீல் மாதிரி கல்லாக இறுகுகிற எதையும் இணைப்பில் வைக்காதீர்கள். வண்டி வளைவில் போகும்போது கூரை அசையும், இறுகியது விரிசல் விடும்.

கூரை சரியான பிறகு ஒரு 100 வாட் சோலார் பேனல் போட்டேன். பழைய கூரையில் முதலில் பேனலைப் போட்டுவிட்டு ஒழுகலை அப்புறம் பார்க்கலாம் என்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வரும், வரிசை முக்கியம். பேனலைத் தூக்கும்போது இரண்டு பேர் கட்டாயம், காற்று அடித்தால் அது ஆளையும் சேர்த்து இழுக்கும். வயர் வேலை முடியும் வரை பேனலின் முகத்தைக் கம்பளியால் மூடி வையுங்கள், வெளிச்சம் பட்டாலே அதில் மின்சாரம் இருக்கும். 12 வோல்ட் பேனல் என்று எழுதியிருந்தாலும் எதிலும் இணைக்காமல் வெயிலில் வைத்தால் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பேனலிலிருந்து பேட்டரி சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும், அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரி பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். பேனலுக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், சூடு குறையும். ஆனால் சில்வர் ஓக் இலை அதற்குள் போய் ஊறிக் கிடக்கும், அவ்வப்போது குச்சியால் தள்ளிவிட வேண்டும். நிழலுக்காக தைல மரத்தடியில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள், காற்றில்லாத நாளில்கூடக் கிளை முறிந்து விழும்.

மொத்தக் கணக்கு: பட்டறைக்கும் வண்டி வாடகைக்கும் போனது 25,500. நானே செய்ததில் சீலன்ட், டேப், பிளைவுட், ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 9,000-க்குள் முடிந்தது, பேனல் தனி. அடுத்த ஐப்பசி மழையில் தலைமாடு காய்ந்தே இருந்தது. இனி வருஷத்துக்கு இரண்டு தடவை, தென்மேற்கு தொடங்கும் முன் மே மாதமும் வடகிழக்கு தொடங்கும் முன் செப்டம்பர் கடைசியிலும், எல்லா இணைப்பையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். இரும்பு ஸ்டூல் இரண்டையும் பலகையையும் வாடகை கட்டுப்படியாகாமல் விலைக்கே வாங்கிவிட்டேன். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் யாராவது கேம்பர் வைத்திருந்து கூரை வேலை செய்ய வேண்டியிருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொண்டு போகலாம். துணைக்கு ஆள் இல்லையென்றால் ஏணி பிடிக்க நானும் வருகிறேன்.